தோட்டத்து மண்டபத்தில் வைஃபை: கருவிக்கு எவ்வளவு, காப்பாற்ற எவ்வளவு?

“எங்க தோட்டத்துக்கு வைஃபை போட எவ்வளவு ஆகும் அண்ணே?”

சுங்கைப்பட்டாணியில் கணினியும் கண்காணிப்புக் கேமராவும் பொருத்தித் தரும் வேலையில் இருக்கும் என்னிடம், கடந்த சில ஆண்டுகளாக அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். பெடோங், பாடாங் செராய், கோலக்கெட்டில், கூலிம் வட்டாரங்களிலிருந்து கேட்கிறார்கள். கேட்பவர்களில் இடைநிலைப்பள்ளி மாணவர்களும் பலர். ஆலயத் தலைவர்களும் பெற்றோர் ஆசிரியர் சங்கப் பொறுப்பாளர்களும் கேட்பதுண்டு.

ஒரு தொகையை மட்டும் சொல்லி அனுப்பிவிடுவது எனக்கு எளிது. ஆனால், அது பாதிப் பதில்தான். கம்பியில்லாக் கணினி வலை ஒன்றை அமைக்கும் செலவு நம்மில் பலர் நினைப்பதைவிடக் குறைவு. அதை மூன்று ஆண்டுகள் உயிரோடு வைத்திருக்கும் செலவு பலர் நினைப்பதைவிட அதிகம். இந்த இரண்டையும் சேர்த்துக் கணக்குப் பார்க்கும் தோட்டம் வெற்றி பெறும். முதலாவதை மட்டும் பார்க்கும் தோட்டத்தில் ஆறு மாதத்துக்குப் பிறகு கம்பத்தில் காக்கைதான் உட்கார்ந்திருக்கும்.

பெடோங்கைத் தாண்டி உட்புறத்தில் இருக்கும் ஒரு தோட்டத்தில் நாங்கள் சிலர் சேர்ந்து இதைச் செய்து பார்த்தோம். அங்கே ஆன செலவு, எழுந்த சிக்கல்கள், கிடைத்த பலன் எல்லாவற்றையும் இங்கே வெளிப்படையாக வைக்கிறேன். உங்கள் தோட்டத்துக்கு இது பொருந்துமா என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளலாம்.

பட்டணத்தில் உண்டு, லயத்தில் இல்லை

கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்கா 1996இல் திறக்கப்பட்டது. உலகம் முழுவதும் போகும் மின்னணுச் சில்லுகள் நம் கெடா மண்ணில் தயாராகின்றன. அங்கிருந்து மோட்டார் சைக்கிளில் அரை மணி நேரம் ஓட்டினால் போதும், கைப்பேசியில் ஒரு கோடுகூட நிற்காத செம்பனைக் காட்டுக்குள் போய்விடலாம்.

இதற்குக் காரணங்கள் உண்டு. தோட்டத்துச் சாலை தனியார் நிலம். ஃபைபர் கம்பி போடும் நிறுவனம் தோட்ட நிர்வாகத்திடம் அனுமதி கேட்க வேண்டும். முப்பது நாற்பது வீடுகளுக்காக இரண்டு மூன்று கிலோமீட்டர் கம்பி இழுப்பது அவர்களுக்குக் கட்டுப்படியாகாது. கைப்பேசிக் கோபுரம் பெரிய சாலையைப் பார்த்துத்தான் நிற்கும். பழைய தோட்டங்களில் டிவிஷன்கள் ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளி இருப்பதையும் மறக்கக்கூடாது. ஹார்வர்ட் தோட்டத்தில் முதல், இரண்டாம், மூன்றாம் பிரிவு என்று தனித்தனித் தமிழ்ப்பள்ளிகள் ஏற்பட்டதே அந்தத் தூரத்தால்தான்.

2020 மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோதுதான் இந்தக் குறை நாடு முழுக்கத் தெரிந்தது. இல்லிருப்புக் கற்றல் என்றார்கள். இல்லம் இருந்தது, இணையம் இல்லை. அந்த ஆண்டு ஜூன் மாதம் சபாவில் ஒரு பல்கலைக்கழக மாணவி தேர்வு எழுதுவதற்காக மரத்தில் ஏறி இரவைக் கழித்த செய்தியை எல்லாரும் படித்தோம்.

பெருந்தொற்று முடிந்தது. ஆனால், இணையத்தின் தேவை குறையவில்லை. வீட்டுப்பாடம் வாட்ஸ்அப்பில் வருகிறது. கல்வியமைச்சின் டெலிமா தளம் இயங்கலையில்தான் உள்ளது. எஸ்.பி.எம். முடித்த பிள்ளை யூ.பி.யூ. வழியாகப் பல்கலைக்கழகத்துக்கும், மெட்ரிகுலேஷனுக்கும், பிறகு பி.டி.பி.டி.என். கடனுக்கும் விண்ணப்பிப்பது எல்லாமே இயங்கலையில்தான். இறுதி நாளோடு அந்தக் கதவு மூடிவிடும். லைன் கிடைக்கவில்லை என்று யாரும் காத்திருக்க மாட்டார்கள்.

நாங்கள் போன தோட்டத்தில் இன்னொன்றையும் கவனித்தேன். பையன்கள் மோட்டாரை எடுத்துக்கொண்டு பெரிய சாலைப் பேருந்து நிறுத்தத்துக்குப் போய், அங்கே லைன் பிடித்துப் பாடத்தை அனுப்பிவிட்டு வருகிறார்கள். இரவு எட்டு மணிக்குமேல் பெண் பிள்ளைகளை அங்கே அனுப்ப எந்தத் தாயும் துணிய மாட்டார். ஒரே பள்ளி, ஒரே வகுப்பு, ஒரே பாடம். ஆனால், அனுப்புவது பையன், அனுப்ப முடியாமல் இருப்பது பெண். படிவம் ஐந்தில் படிக்கும் ஒரு மாணவி சொன்னார்: “டீச்சர் கேட்டா லைன் இல்லன்னு சொல்லுவேன் அண்ணே. முதல்ல நம்புனாங்க. இப்ப நம்புறதில்ல.” எங்கள் முயற்சிக்கு இதுவே தொடக்கம்.

அலை எங்கே போகும், எங்கே நிற்கும்

வைஃபை என்பது வானொலி அலைதான். அதற்கான பொதுத் தரம் 1997இல் வகுக்கப்பட்டது. 1999இலிருந்து ‘வைஃபை’ என்ற பெயர் புழங்குகிறது. நம் வீட்டு ரௌட்டர்கள் பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என்ற இரண்டு அலைவரிசைகளில் பேசுகின்றன. முதலாவது சற்று அதிகத் தூரம் போகும், சுவரையும் ஓரளவு தாண்டும். இரண்டாவது வேகமானது, ஆனால், தடை வந்தால் சீக்கிரம் தளர்ந்துவிடும்.

வீட்டு ரௌட்டர் நாலாபக்கமும் அலையைச் சிதற விடுகிறது. அதனால்தான் முப்பது நாற்பது மீட்டரில் பலம் குறைகிறது. அதே அலையை ஒரே திசையில் குவித்து அனுப்பும் வெளிப்புற ஆண்டெனாக்கள் உள்ளன. குண்டு பல்பு அறைக்குள் வெளிச்சம் தரும், டார்ச் லைட் தூரத்து மரத்தைக் காட்டும். அந்த வேறுபாடுதான் இங்கேயும். இப்படிப்பட்ட இரண்டு கருவிகளை ஒன்றையொன்று பார்க்கும்படி நிறுத்தினால், சில கிலோமீட்டர் தூரத்துக்குக் கம்பியில்லாப் பாலம் கிடைத்துவிடும்.

ஆனால், ‘பார்க்கும்படி’ என்ற சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. நடுவில் செம்பனை ஓலை வந்தால் போச்சு. ஓலையில் நிறைந்திருப்பது தண்ணீர். தண்ணீர் இந்த அலைகளைக் குடித்துவிடும். மைக்ரோவேவ் அடுப்பு சோற்றைச் சூடாக்குவதும் ஏறக்குறைய அதே 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையால்தான் என்று சொன்னால் உங்களுக்குப் புரியும்.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. அலை நூல் பிடித்ததுபோல் மெல்லிய கோடாகப் போவதில்லை. நடுவில் பருத்து, இரு முனையிலும் ஒடுங்கி, பூசணி விதையின் வடிவில் போகிறது. ஒன்றரைக் கிலோமீட்டர் தூரத்துக்கு 5.8 கிகாஹெர்ட்ஸில் அதன் நடுப்பகுதி மேலும் கீழும் ஏறக்குறைய 4 மீட்டர் பருத்திருக்கும். ஆகவே, கண்ணுக்கு எதிர்முனை தெரிந்தால் மட்டும் போதாது. நடுவில் மரத்தின் கொண்டைக்கு மேலும் சில மீட்டர் வெற்றிடம் வேண்டும்.

தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இங்கே ஒரு வசதி உண்டு. ஒவ்வொரு காட்டின் முனையிலும் நட்ட ஆண்டு எழுதிய பலகையைப் பார்த்திருப்பீர்கள். செம்பனை ஆண்டுக்குச் சுமார் 30 முதல் 60 சென்டிமீட்டர் வரை உயரும். ஏறக்குறைய 25 ஆண்டு ஆனதும் வெட்டிவிட்டு மறுநடவு செய்வார்கள். மறுநடவு செய்த காடு அலைக்குத் திறந்த வாசல். பத்து வயது மரங்கள் என்றால் உயரமான கம்பம் தேவை. இருபது வயதுக் காடு என்றால் அந்த வழியை மறந்துவிடலாம். எந்தப் புத்தகத்தையும்விட அந்தப் பலகை இந்த வேலைக்கு உதவும்.

மூன்று வழிகள்

தோட்டத்துக்குள் இணையத்தைக் கொண்டுவர நடைமுறையில் மூன்று வழிகள் உள்ளன.

முதல் வழி, 4ஜி மோடம். மண்டபத்துக் கூரை உயரத்தில் கைப்பேசிக்கு ஓரளவாவது லைன் கிடைத்தால், சிம் அட்டை போடும் மோடத்தோடு ஒரு வெளிப்புற ஆண்டெனாவைச் சேர்க்கலாம். 400, 500 வெள்ளிக்குள் முடிந்துவிடும். பல தோட்டங்களுக்கு இதுவே போதும். பணம் செலவழிப்பதற்கு முன்பு, பல நிறுவனங்களின் சிம் அட்டைகளோடு கூரையில் ஏறி, காலை, மாலை, இரவு மூன்று வேளையும் வேகத்தை அளந்து பாருங்கள். இரவு எட்டு மணிக்குக் கிடைக்கும் வேகம்தான் உண்மையான வேகம்.

இரண்டாம் வழி, நான் மேலே சொன்ன கம்பியில்லாப் பாலம். பெரிய சாலையில் உள்ள தாமானிலோ கடை வரிசையிலோ ஃபைபர் இணைப்பு இருக்க வேண்டும். அங்கிருந்து மண்டபம் வரை பார்வை திறந்திருக்க வேண்டும். இரண்டும் இருந்தால் வேகத்திலும் மாதச் செலவிலும் இதுவே சிறந்தது.

மூன்றாம் வழி, துணைக்கோளம். 2023 ஜூலையில் ஸ்டார்லிங்க் மலேசியாவுக்கு வந்தபோது கருவிக்கு 2,300 வெள்ளி, மாதக் கட்டணம் 220 வெள்ளி என்று அறிவித்தது. பிறகு விலைகள் மாறின, திட்டங்களும் கூடின. வாங்குமுன் அன்றைய விலையைப் பாருங்கள். வானம் திறந்திருந்தால் போதும், கோபுரமும் வேண்டாம், ஃபைபரும் வேண்டாம். குன்றுக்குப் பின்னால் மறைந்திருக்கும் டிவிஷனுக்கு வேறு வழி இல்லை.

இவற்றுக்கெல்லாம் முன்பு செய்ய வேண்டியது ஒன்று உண்டு. அரசாங்கத்தின் ஜெண்டேலா வரைபடத்தில் உங்கள் இடத்தைத் தட்டிப் பாருங்கள். பக்கத்தில் நாடி இணைய மையம் இருக்கிறதா என்று விசாரியுங்கள். நடந்து போகும் தூரத்தில் ஒன்று இருந்தால், நீங்கள் கம்பமே நட வேண்டியதில்லை.

நாங்கள் போட்ட கணக்கு

அந்தத் தோட்டத்தில் ஆலய மண்டபத்திலிருந்து 1.4 கிலோமீட்டரில், பெரிய சாலையோரமாக இரண்டு மாடிக் கடை வரிசை. நடுவில் மறுநடவு செய்து நான்கு ஆண்டான காடு. மளிகைக்கடைக்காரர் அதே தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். கடை மாடியில் ஆலய நிர்வாகத்தின் பெயரில் தனி இணைப்பு எடுக்கச் சம்மதித்தார். அங்கே ஆகும் மின்சாரத்தையும் தாமே ஏற்றுக்கொண்டார்.

வாங்கிய பொருள்களும் கொடுத்த விலையும் இவை:

திசை ஆண்டெனாக் கருவி, 5 கிகாஹெர்ட்ஸ், இரண்டு: 480 வெள்ளி

மண்டபத்து வெளிப்புற வைஃபை கருவி ஒன்று: 320 வெள்ளி

கட்டுப்பாட்டு வசதியுள்ள ரௌட்டர்: 150 வெள்ளி

எட்டுத் துளை சுவிட்ச்: 60 வெள்ளி

வெயில் தாங்கும் கேபிள், 60 மீட்டர்: 150 வெள்ளி

இரும்புக் குழாய்க் கம்பம், இழுகம்பி, பிடிமானங்கள்: 280 வெள்ளி

மின்னல் தடுப்பான், நிலத்தில் இறக்கும் செம்புத் தண்டு: 200 வெள்ளி

பேட்டரிப் பாதுகாப்புப் பெட்டி, இரண்டு: 380 வெள்ளி

மழை நீர் புகாத பெட்டி, சில்லறைச் சாமான்கள்: 80 வெள்ளி

மொத்தம் 2,100 வெள்ளி. கூலி இதில் இல்லை. நாங்கள் நால்வரும் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளை அதற்குக் கொடுத்தோம். வெளியாளை வைத்துச் செய்தால் மேலும் 600, 800 வெள்ளி கேட்பார்கள். கணினியும் இதில் இல்லை. பிள்ளைகள் கைப்பேசியில் தொடங்கினார்கள். பிறகு நல்ல மனிதர்கள் பழைய மடிக்கணினிகள் நான்கைக் கொடுத்தார்கள்.

பட்டியலைப் பாருங்கள். அலையை அனுப்பும் கருவிகளுக்கு ஆனது 800 வெள்ளி. கம்பம், மின்னல் தடுப்பு, பேட்டரி ஆகிய மூன்றுக்கு மட்டும் 860 வெள்ளி. விலை கேட்க வருகிறவர்கள் முதலில் வெட்டச் சொல்வது இந்த மூன்றைத்தான். வெட்டவே கூடாதது இந்த மூன்றுதான். உலகில் இடி மின்னல் அதிகமுள்ள நாடுகளில் நம் நாடும் ஒன்று. 5 கிகாஹெர்ட்ஸ் அலையை இந்தத் தூரத்தில் மழை பெரிதாகத் தடுப்பதில்லை. மின்னல்தான் எமன்.

மாதக் கணக்கு

இணையக் கட்டணம் 148 வெள்ளி. மின்சாரத்துக்குப் பத்து வெள்ளி ஒதுக்கினோம். எல்லாக் கருவிகளும் சேர்ந்து ஏறக்குறைய 35 வாட் இழுக்கின்றன. இரவு பகலாக ஓடினாலும் மாதம் 25 யூனிட்தான். பழுதுபார்ப்பு நிதிக்கு 40 வெள்ளி. மொத்தம் 198 வெள்ளி.

அந்தத் தோட்டத்தில் படிக்கும் பிள்ளைகள் 22 பேர். ஆளுக்கு மாதம் 9 வெள்ளி. முதலில் போட்ட 2,100 வெள்ளியை மூன்று ஆண்டுகளுக்குப் பிரித்தால் மாதம் 58 வெள்ளி கூடும். அதையும் சேர்த்தால் ஆளுக்கு 12 வெள்ளிக்கும் குறைவு.

இதை ஒரு தாய் தம் பிள்ளைக்கு மாதந்தோறும் போடும் டாப்-அப்போடு ஒப்பிட்டுப் பாருங்கள். மாதம் 35 வெள்ளி என்று வைத்தால் 22 பிள்ளைகளுக்கு 770 வெள்ளி. அந்தப் பணமும் லயத்துக்குள் லைன் கிடைக்காமல் வீணாகிறது. தனித்தனியாக 770 வெள்ளி கொடுத்து எதுவும் கிடைக்காமல் இருப்பதா, சேர்ந்து 200 வெள்ளி கொடுத்து வேலையை முடிப்பதா? மண்டபத்தில் நடந்த கூட்டத்தில் இந்த ஒரு கணக்கைக் கரும்பலகையில் எழுதிய பிறகு விவாதம் நீளவில்லை.

பழுதுபார்ப்பு நிதி வேண்டுமா என்று சிலர் கேட்டார்கள். நவம்பர் மாத இடியில் கம்பத்துக் கருவி ஒன்று கருகியது. தடுப்பான் மற்றவற்றைக் காப்பாற்றியது. நிதியில் ஏற்கெனவே பணம் இருந்ததால் 240 வெள்ளிக்குப் புதியது வாங்கி இரண்டே நாளில் மாட்டினோம். நிதி இல்லாவிட்டால் உண்டியல் குலுக்க வேண்டும், கூட்டம் கூட்ட வேண்டும். அதற்குள் எஸ்.பி.எம். முடிந்திருக்கும்.

தேனியும் மேலூரும் சொல்லும் பாடம்

இது நாம் புதிதாகக் கண்டுபிடித்த ஒன்றல்ல. தமிழ்நாட்டில் இருபது ஆண்டுகளுக்கு முன்பே செய்து பார்த்துவிட்டார்கள்.

மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையை நம்மில் பலர் அறிவோம். 1976இல் டாக்டர் கோ.வெங்கடசாமி 11 படுக்கைகளோடு தொடங்கியது. அதன் தேனி மருத்துவமனையையும் சுற்றியுள்ள சிற்றூர்க் கண் பரிசோதனை மையங்களையும், 2000ஆம் ஆண்டுகளின் நடுப்பகுதியில் கம்பியில்லா வலையால் இணைத்தார்கள். அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உதவினார்கள். கடையில் கிடைக்கும் வைஃபை கருவிகளைத் திசை ஆண்டெனாவோடு சேர்த்து, நீண்ட தூரத்துக்கு ஏற்ப மென்பொருளை மாற்றி, 15 கிலோமீட்டர் வரை பாலம் போட்டார்கள். கிராமத்து நோயாளி தம் ஊரிலேயே உட்கார்ந்து, தேனியில் இருக்கும் மருத்துவரோடு முகம் பார்த்துப் பேசினார். பேருந்துக் கட்டணமும் ஒரு நாள் கூலியும் அவருக்கு மிச்சம்.

அந்த வலையைப் பராமரித்தபோது ஆய்வாளர்கள் கண்ட உண்மை நமக்கு முக்கியம். பழுதுகளில் பெரும்பகுதி அலையால் வந்ததல்ல, மின்சாரத்தால் வந்தது. மின்னழுத்தம் ஏறி இறங்கிக் கருவிகளைக் கெடுத்தது. தீர்வு இரண்டு. மின்சாரத்தைச் சீராக்குவது ஒன்று, அங்கேயே இருக்கும் ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுப்பது மற்றொன்று. பெர்க்லியிலிருந்து ஒவ்வொரு முறையும் ஆள் வர முடியாது அல்லவா?

மேலூர்க் கதை வேறு. மதுரை மாவட்டத்து மேலூர் வட்டாரத்தில் 2001இல் ‘சாரி’ திட்டம் தொடங்கியது. சென்னை ஐ.ஐ.டி.யில் உருவான கார்டெக்ட் என்ற கம்பியில்லாத் தொழில்நுட்பத்தால் கிராமங்களில் இணைய நிலையங்கள் திறக்கப்பட்டன. வினாடிக்கு 70 கிலோபிட் வரை வேகம். அன்றைக்கு அது பெரிய வசதி. மக்கள் ஆர்வத்தோடு வந்தார்கள். ஆனால், சில ஆண்டுகளில் பல நிலையங்கள் மூடப்பட்டன. அலை நின்றதால் அல்ல. வருமானம் செலவைத் தாங்கவில்லை, பழுதானபோது உதவ ஆளும் கிடைக்கவில்லை.

இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் பாடம் தெளிவு. கருவி ஒரு நாளில் வந்துவிடும். மாதப் பணத்துக்கும் பராமரிக்கும் ஆளுக்கும் வழி செய்யாமல் கம்பம் நடக்கூடாது.

சட்டம் தெரிந்து செய்யுங்கள்

இங்கே இளைஞர்கள் கவனமாக இருக்க வேண்டும். வைஃபை அலைவரிசையில் இயங்க நாம் தனி உரிமம் எடுக்க வேண்டியதில்லை. ஆனால், அலையின் பலத்துக்கு மலேசிய தொடர்பு, பல்லூடக ஆணையம் வரம்பு வைத்திருக்கிறது. பலத்தைக் கூட்டும் கருவியை மலிவாகக் கிடைக்கிறது என்று வெளிநாட்டிலிருந்து தருவிக்காதீர்கள். சிரிம் சான்று முத்திரை உள்ள கருவியையே வாங்குங்கள்.

இணைப்பை வீடு வீடாக விற்பதும் கூடாது. இணையச் சேவையை விற்க உரிமம் வேண்டும். சாதாரண வீட்டு இணைப்பை ஊருக்குப் பிரித்துக் கொடுப்பதை நிறுவனங்களின் ஒப்பந்தங்கள் பொதுவாக அனுமதிப்பதில்லை. அதனால்தான் நாங்கள் லயம் முழுக்க அலையைப் பரப்பவில்லை. பதிவு பெற்ற ஆலய நிர்வாகத்தின் பெயரில் இணைப்பு, மண்டபத்தில் மட்டும் பயன்பாடு, நிறுவனத்திடம் முன்கூட்டியே விளக்கம். பெற்றோர் கொடுப்பது மண்டபப் படிப்பகத்துக்கான சந்தா. தோட்ட நிர்வாகத்துக்கும் கடிதம் கொடுத்து, கம்பம் நட அனுமதி வாங்கினோம். கம்பம் நிற்பது அவர்கள் நிலத்தில் என்பதை மறக்கக்கூடாது.

“படிக்கத்தான் போறாங்களா?”

கூட்டத்தில் எழுந்த கேள்விகளிலேயே கடினமானது பணத்தைப் பற்றியதல்ல. ஆலயத் தலைவர் கேட்டார்: “தம்பி, காசு கொடுத்துடலாம். பிள்ளைங்க படிக்கத்தான் போறாங்கன்னு எப்படி நம்புறது? விளையாட்டும் டிக்டாக்கும்தானே பார்க்குதுங்க?”

நியாயமான கேள்வி. கருவியால் பாதிப் பதில் சொல்லலாம். ரௌட்டரில் நேரம் வைத்தோம்: மாலை ஆறரை முதல் இரவு பத்தரை வரை. ஒரு கருவிக்கு வினாடிக்கு 5 மெகாபிட் என்று வேகத்துக்கு வரம்பு வைத்தோம். காணொளி வகுப்புக்கு அது போதும், ஒருவரே எல்லாவற்றையும் இழுத்துக்கொள்ளவும் முடியாது. தகாத தளங்களைத் தடுத்தோம். மாதத்துக்கு ஒரு முறை கடவுச்சொல் மாறும்.

மீதிப் பதிலை மனிதர்கள்தான் சொல்ல முடியும். நான்கு தாய்மார்கள் முறை வைத்து மண்டபத்தில் உட்காருகிறார்கள். அவர்களுக்குக் கணினி தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை. “என்னடா பார்க்குற?” என்று ஓர் அக்கா கேட்டால் போதும், எந்த மென்பொருளும் செய்யாத வேலை நடந்துவிடுகிறது. பெண் பிள்ளைகளை இரவில் அனுப்பப் பெற்றோர் சம்மதித்ததும் அந்தத் தாய்மார்களை நம்பித்தான்.

விளையாட்டே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். இருக்கிறது. ஆனால், பேருந்து நிறுத்தத்தில் இருட்டில் நின்று செய்ததை இப்போது விளக்கு வெளிச்சத்தில், பெரியவர்கள் கண்பார்வையில் செய்கிறார்கள்.

இன்னொரு செய்தியைப் பலர் அறிவதில்லை. கணினி வலை வேறு, இணையம் வேறு. வெளி இணைப்பு அறுந்தாலும் மண்டபத்துக்குள் இருக்கும் வலை ஓடும். பழைய மடிக்கணினி ஒன்றைச் சேமிப்பகமாக்கி, பயிற்சித் தாள்கள், ஆசிரியர்கள் கொடுத்த குறிப்புகள், கிவிக்ஸ் என்ற இலவச மென்பொருளின் வழி தமிழ் விக்கிப்பீடியா ஆகியவற்றை அதில் ஏற்றி வைத்தோம். லைன் இல்லாத நாளிலும் பிள்ளைகள் அதைத் திறக்கலாம். மாதக் கட்டணமே கட்ட முடியாத தோட்டம்கூட இதை மட்டும் தனியாகச் செய்யலாம். ஒரு பழைய கணினி, ஒரு ரௌட்டர், அவ்வளவுதான்.

கம்பம் கழற்றக்கூடியது

“தோட்டத்தையே எப்ப விக்கப் போறாங்கன்னு தெரியல, இதுல போய்க் காசு போடணுமா?” என்று கேட்டவர்களும் உண்டு. கெடாவில் தோட்டங்கள் துண்டாடப்பட்டதையும், லயங்கள் காலியானதையும், மக்கள் தாமான்களுக்குப் போனதையும் பார்த்தவர்களின் கேள்வி அது. அலட்சியப்படுத்த முடியாது.

என் பதில் இதுதான். சொந்தமில்லாத நிலத்தில் கேபிள் புதைத்தால் அது நிலத்துக்காரருக்குப் போய்விடும். கம்பியில்லா வலை அப்படியல்ல. நான்கு போல்ட்டுகளைக் கழற்றினால் குழாயோடு சேர்த்து எல்லாம் லாரியில் ஏறிவிடும். புதிய தாமானின் மண்டபத்தில் மறுநாளே மாட்டலாம். இடம் மாறிக்கொண்டே இருக்கும் மக்களுக்கு ஏற்ற தொழில்நுட்பம் இது. அதைவிட முக்கியம், இதைக் கட்டிப் பழகிய பிள்ளைகளின் கையோடு வித்தையும் போகும். படிவம் நான்கில் படிக்கும் மூன்று பையன்களும் ஒரு மாணவியும் இப்போது கேபிள் முனை அடிக்கிறார்கள், ரௌட்டர் அமைப்பை மாற்றுகிறார்கள். கருகிய கருவியை மாற்றியபோது நான் ஏணியைப் பிடித்துக்கொண்டு கீழே நின்றேன். வேலையை அவர்கள் செய்தார்கள். பாலிடெக்னிக்கில் இந்தத் துறையை எடுக்கப்போவதாக அந்த மாணவி சொல்கிறார்.

எல்லாத் தோட்டத்துக்கும் இது சரிவரும் என்று நான் கூறவில்லை. ஐந்து பிள்ளைகள் மட்டுமே உள்ள இடத்தில் ஒரு 4ஜி மோடம் போதும். மாதம் 200 வெள்ளி திரட்ட உறுதியில்லாத இடத்தில் பாலம் வேண்டாம், சேமிப்பகத்தோடு தொடங்குங்கள். பெரிய சாலையில் ஃபைபர் இருந்து, நடுவில் இளம் காடும், பொறுப்பெடுக்க நான்கு பேரும் இருக்கும் இடத்தில் தயங்காதீர்கள்.

இந்த வார இறுதியில் செய்ய வேண்டியது இவ்வளவுதான். ஒரு நோட்டும் பென்சிலும் எடுங்கள். மண்டபத்திலிருந்து பெரிய சாலை வரை நடந்து, வழியிலுள்ள ஒவ்வொரு காட்டின் நடவு ஆண்டையும் குறியுங்கள். சாலையோரக் கடைகளில் ஃபைபர் இருக்கிறதா என்று கேளுங்கள். பெரியவர் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொண்டு, மின்கம்பி பக்கத்தில் இல்லாத கூரையில் நின்று, மூன்று வேளையும் கைப்பேசி வேகத்தை எழுதுங்கள். எத்தனை பிள்ளைகள் படிக்கிறார்கள், மாதம் எவ்வளவு டாப்-அப் போடுகிறார்கள் என்று வீடு வீடாகக் கேட்டுக் கூட்டுங்கள்.

அந்த நான்கு பக்கக் கணக்கோடு ஆலய நிர்வாகத்திடமோ பெற்றோர் ஆசிரியர் சங்கத்திடமோ போங்கள். வைஃபை வேண்டும் என்று கேட்டால் பார்க்கலாம் என்பார்கள். கணக்கை மேசையில் வைத்தால் நாற்காலி போட்டு உட்காரச் சொல்வார்கள்.